மூன்றாம் மாடியில் மூச்சு வாங்குகிறவள்

பெண்ணை முன்னேற்றுவதற்காக அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் செய்த முதல் காரியம், பெண்கள் ஓய்வறையைக் காலி செய்ததுதான்.

காரணம் நியாயமானது. ஆடத்தகு பெண் பாத்திர முன்னேற்றப் பேரவைக்கு ஓர் அலுவலகம் வேண்டும். கட்டடத்தில் பெண்கள் சம்பந்தப்பட்ட அறை என்று தேடினால் அது ஒன்றுதான் இருந்தது. சாய்வு நாற்காலியையும் கண்ணாடியையும் வெளியே தூக்கி வைத்தார்கள். கைகழுவும் தொட்டியை மட்டும் பெயர்க்க முடியவில்லை. அதன்மேல் பலகை போட்டுத் தலைவருக்கு மேசை ஆக்கிவிட்டார்கள். அவர் கோப்பில் கையெழுத்திடும்போதெல்லாம் பலகைக்கு அடியில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் ஒன்பது பெண்களும் அன்று முதல் இரண்டு கட்டடம் தள்ளியிருந்த மருந்துக் கடைக்குப் போய்வந்தார்கள். மருந்துக் கடைக்காரருக்கு தர்மசங்கடம், வருகிறவர்களுக்கும்தான். ஆளுக்கொரு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி நடைக்காரி. வீடியோ கேமில் வருகிற ஆட்களை நடக்க வைப்பது அவள் வேலை. நடிப்பவருக்குக் கறுப்பு உடை மாட்டி, மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து நடக்கச் சொல்வாள். உருண்டைகள் கணினிக்குள் புள்ளிகளாகப் போய்ச் சேரும். அந்தப் புள்ளிகளின் மேல் வீரனையோ கிழவனையோ போர்த்திவிட்டால் அவன் நடந்துவிடுவான்.

நிறுவனத்தின் கிடங்கில் ஆண்களுக்கு அறுபத்து நான்கு நடைகள் இருந்தன. குடித்தவன் நடை, காயம்பட்டவன் நடை, காயம்பட்டபின் குடித்தவன் நடை, பழி வாங்கப் போகிறவன் நடை, பழி வாங்கிவிட்டு வருகிறவன் நடை. பெண்களுக்கு இரண்டு: மயக்கும் நடை, பயந்து ஓடும் நடை. வேலைக்குப் போகிற பெண் வேண்டுமென்றால் அந்த இரண்டையும் கலந்துகொள்ளச் சொன்னார்கள். நடைக்காரி ஒருமுறை கலந்தும் பார்த்தாள். திருடிவிட்டு ஓடும் நாட்டியக்காரி போல இருந்தது.

அதனால்தான், பேரவை வருவதற்கு வெகு முன்பே, ஒரு விடுமுறை நாளில் அக்காவை அழைத்து வந்தாள்.

அக்காவுக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துவரும் வேலை. இடது தோளில் குளிர்பெட்டி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள்தான் அவள் ராஜ்ஜியம். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். மூன்றாம் மாடியில் நின்று, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவாள். பிறகு மறுபடி இரண்டிரண்டாக. கதவைத் தட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு: இரண்டு தட்டு சட்டென்று, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது. தட்டிவிட்டு "நான்தான்" என்பாள், அந்த 'நான்' யாரென்று ஊரே அறிந்தது போல. வீட்டுக்கு வந்தாலும் அதே தட்டுதான். உள்ளே வந்து பெட்டியை இறக்கி வைத்தால் அதன் தளர்ந்த கொண்டி ஒருமுறை கிணுங்கும். அந்தக் கிணுக்கு கேட்டபிறகுதான் அம்மா வந்துவிட்டாள் என்று அவள் மகள் ஒத்துக்கொள்வாள். அதுவரை வந்தது வேறு யாராகவும் இருக்கலாம்.

"என்னடி இது, பஞ்சு உருண்டை ஒட்டின பூனை மாதிரி நிக்கிறேன்!" என்று அன்றைக்கு அக்கா உருண்டைகளோடு சிரித்தாள். பெட்டியை வாசலில் காவலாளியிடம் விட்டிருந்தாள். அப்போதும் இடது தோள் இறங்கியே இருந்தது.

"நீ நடிக்காதக்கா. ஆறாவது வீட்டுக்கு லேட்டாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு நட."

"அதுல நெனைக்க என்னடி இருக்கு? நெஜமாவே லேட்டுதான்."

நடந்தாள். ஏறினாள், இறங்கினாள், தட்டினாள். நாற்பத்தொரு புள்ளிகள் உள்ளே போயின. எட்டு மாதம் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, பதினோரு நாள். ஊராருக்கெல்லாம் ரத்த அறிக்கையை அன்றன்றே வாங்கித் தந்தவளின் அறிக்கை, அவள் போன மறுநாள் வந்தது.

அக்காள் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாண்டு என்பார்கள். அன்று முதல் அவள் சித்தியோடுதான். ஒருநாள் அலுவலகத்துக்குக் கூட்டிவந்தபோது, திரையில் கறுப்பு வெளியில் வெள்ளைப் புள்ளிகள் சில அசைவதைப் பார்த்தாள். முகம் இல்லை, தலைமுடி இல்லை, கை கால் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"அம்மா," என்றாள்.

நடைக்காரி சட்டென்று திரையை அணைத்தாள். பிறகு அவளே மறுபடி போட்டாள்.

"சித்தி, இத நான் நடக்க வைக்கலாமா?"

"கேம் வெளியாகட்டும். மொத கன்ட்ரோலர் உன் கையிலதான். நீ அமுக்கினா அம்மா நடப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நாக்கு கொடுத்துவிட்டது. மாட்டிக்கொண்டது கழுத்து.

அந்த கேம் ஒரு மூடுபனி ஊரைப் பற்றியது. வீடுகளில் எல்லாரும் நோயாய்க் கிடக்கிறார்கள். மருந்தை எடுத்துக்கொண்டு, நிழல்களிடம் அடிபடாமல், மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும். ஆடுகிறவர் ஆணையோ பெண்ணையோ தேர்ந்தெடுக்கலாம். ஆணுக்குப் பழி வாங்கப் போகிறவன் நடையைப் போட்டிருந்தார்கள். மருந்து கொடுக்கப் போகிறவன் ஏன் அப்படி நடக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்கு அக்காவின் நடை. எல்லாம் தயார். வெண்ணெய் திரண்டு வந்த அந்த நேரத்தில்தான், பேரவையின் முத்திரை இருந்தால் கேமுக்கு மரியாதை என்று முதலாளி கேள்விப்பட்டார்.

பேரவைத் தலைவர் தொடக்க உரை நிகழ்த்தினார்.

"நான் வாழ்நாள்ல ஒரு வீடியோ கேம் கூட ஆடினதில்ல," என்றார் பெருமையோடு. "அதனாலதான் இத பாரபட்சம் இல்லாம பாக்க முடியுது. பெண்கள முன்னால நிறுத்தறது எனக்குப் புதுசு இல்ல. எங்க வீட்ல எல்லாத்துக்கும் மனைவிதான் முன்னால. கரண்ட் போனா மெழுகுவத்தி தேடி இருட்டுல முன்னால போறது அவங்கதான். நான் பின்னாலதான் உக்காந்திருப்பேன்."

கைதட்டல். அடுத்து செயலாளர் அம்மாள் உட்கார்ந்தபடியே பேசினார். கையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும், கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அது.

"பெண்களுக்காக நான் இருபது வருஷமா உக்காந்துக்கிட்டிருக்கேன்," என்றார். "பதினேழு கமிட்டி. ஒரு நாள் எழுந்ததில்ல."

நடைக்காரியின் பக்கத்தில் நின்ற ஆந்தை மெல்ல இருமினான். ஆந்தை என்பவன் கேமை ஆடி ஆடிப் பிழை கண்டுபிடிக்கிறவன்; கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர்.

"அக்கா, நம்ம கேம் பொண்ணு நல்லாத்தானே நடந்துக்கிட்டிருந்தா. இவங்க எங்க தள்ளிக்கிட்டுப் போகப் போறாங்க?"

"மேல," என்றாள் நடைக்காரி. அப்போது அவளுக்கும் நம்பிக்கை இருந்தது.

முதல் சுற்றறிக்கை அந்த வாரமே வந்தது. பெண் மீது அடி விழக்கூடாது. அவளைத் தேர்ந்தெடுத்தால் நிழல்கள் தாக்கக்கூடாது. விலகி நின்று வழிவிட வேண்டும். அப்படியே செய்தார்கள். அவள் தெருவில் நடந்தால் நிழல்கள் இரு பக்கமும் வரிசையில் நின்று குனிந்தன. ஆந்தை ஒரு மணி நேரம் ஆடிப்பார்த்துவிட்டு, "இது கேமா, கல்யாண ஊர்வலமா?" என்று பிழை அறிக்கையில் எழுதினான். அந்த வரி பாராட்டு என்று பதிவாகியது.

இரண்டாவது, பெண் விழக்கூடாது. படி இருந்தால்தானே விழுவாள்? படி வேண்டாம், லிஃப்ட் வையுங்கள் என்றார்கள். லிஃப்ட் வைத்தார்கள். பனி சூழ்ந்த ஊரில் ஒரு பெண் லிஃப்டில் தனியாகப் போவது பாதுகாப்பா என்று கேள்வி வந்தது. லிஃப்டில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். ஓர் ஆணோடு மூடிய லிஃப்டில் போவது அதைவிடப் பாதுகாப்பா என்று அடுத்த கேள்வி. காவலாளியை எடுத்தார்கள், லிஃப்டையும் எடுத்தார்கள். ஆணுக்குப் படி அப்படியே இருந்தது; அவளுக்குப் படியும் இல்லை, லிஃப்டும் இல்லை. அவள் தரைத்தளத்திலேயே நின்றாள். "அடித்தளத்தில் உறுதியாக நிற்கும் பெண்" என்று பேரவையின் மாத மடல் எழுதியது.

மூன்றாவதாக அவர்கள் தோளுக்கு வந்தார்கள்.

செயலாளர் அம்மாள் நடைக்காரியின் இருக்கைக்கே வந்து, ரசமட்டத்தைத் திரைமேல் வைத்தார். குமிழ் ஓரத்துக்கு ஓடியது.

"இடது தோள் சாஞ்சிருக்கு."

"பொட்டி தூக்கின தோள் மேடம்."

"பொட்டி எங்க?"

"இப்ப இல்ல. ஆனா எறக்கி வச்சாலும் தோள் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப இது ஊனமா, எதிர்ப்பா? எந்தக் கட்டத்துல டிக் போடணும்?"

"ரெண்டும் இல்ல மேடம். வேலை."

செயலாளர் அம்மாள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "வேலைன்னு கட்டமே இல்லையேம்மா," என்றார், மெய்யான வருத்தத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதோட பழைய பதிவுல இவ மூணாவது மாடியில நிக்கிறா. எதுக்கு?"

"மூச்சு வாங்க."

"முன்னேறுற பொண்ணு மூச்சு வாங்கலாமா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ஏறறது கஷ்டம்னு நெனைச்சிற மாட்டாங்க?"

தோள் துணைக்குழு என்று ஒன்று அமைந்தது. அறுபது பக்க அறிக்கை தந்தது. தோள் நிமிர்ந்தது.

அதற்குமேல் தொட என்ன மிச்சம் என்று நடைக்காரி நினைத்துக்கொண்டிருந்தபோது தலைவர் அந்த ஆழமான கேள்வியைக் கேட்டார். கூட்டம் நடுவில் எழுந்து நின்று, நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பொத்தான அமுக்கினா அவ நடக்கணும். அப்படித்தானே? யாரோ ஒருத்தன், வீட்ல சோபால காலை நீட்டிக்கிட்டு, கட்டைவிரலால ஒரு பொண்ண 'போ'ன்னா போகணும், 'நில்லு'ன்னா நிக்கணும். இதுக்குப் பேரு என்ன?"

"கேம்," என்றான் ஆந்தை.

"அடிமைத்தனம்!" என்றார் தலைவர். பலகைக்கடியில் குழாய் சொட்டியது.

முதலில், பொத்தானை அழுத்தினால் அவளுக்கு ஒரு விண்ணப்பம் போகும்படி செய்தார்கள். அவள் பரிசீலிப்பாள். பரிசீலிக்க நேரம் எடுத்துக்கொள்வாள். ஆந்தை ஒரு நாள் காலையில் அழுத்தியதற்கு மாலையில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்த ஓர் அடியும் அவள் கௌரவத்துக்குக் குறைவு என்று பட்டது. அவள் ஏன் நடக்க வேண்டும்? போய்ச் சேராதவர்கள்தானே நடக்கிறார்கள்? அவள்தான் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டாளே! பளிங்கு நிறத்தில் ஒரு பீடம் வரைந்து அவளை அதன்மேல் ஏற்றினார்கள். கண் இமைக்காமல் தொலைதூரத்தைப் பார்த்தபடி நின்றாள். தேர்வுத் திரையில் அவளைத் தேர்ந்தெடுத்தால், 'தங்கள் ஆர்வம் பெறப்பட்டது' என்று ஓர் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த ஆடத்தகு பெண் பாத்திரம் என்ற விருதைப் பேரவை ஒருமனதாக அவளுக்கு அறிவித்தது. ஆட முடியாது என்பதை ஆந்தை எடுத்துச் சொன்னான். "தகுதி இருக்குன்னுதானே சொல்றோம்? ஆடணும்னு சொல்லலையே," என்றார் செயலாளர் அம்மாள்.

மிஞ்சியது பழைய நடை. கிடங்கில் அது இருக்கும்வரை யாராவது எடுத்துப் போட்டுவிடலாம். சாய்ந்த தோளும் மூச்சிரைப்பும் வெளியே வந்துவிடலாம். அழித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அழிப்பதற்கான உறுதிமொழிப் படிவம் நடைக்காரியின் மேசைக்கு வந்தது.

அவள் முதலாளியிடம் ஓடினாள்.

"சார், அது எங்க அக்கா சார்."

முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய முறையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"தெரியும்மா. ஆனா நீ கையெழுத்துப் போடலைன்னா முத்திரை இல்லேங்கறாங்க. முத்திரை இல்லேன்னா பொண்ணே வேணாம், ஆம்பளைய மட்டும் வச்சு வெளியிட்டுருவேன். இப்பவாவது நிக்கிறா. நிக்கிறதாவது இருக்கட்டுமே?"

கட்டெறும்பு ஆனபிறகும் கழுதையைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள் உண்டு. நடைக்காரி கையெழுத்துப் போட்டாள். நாற்காலிக்குப் பின்னால் ரசமட்டத்தோடு செயலாளர் அம்மாள் நிற்க, அவளே தன் கையால் அழித்தாள். கணினி மூன்று முறை கேட்டது: நிச்சயமாகவா? மூன்று முறையும் ஆம் என்றாள். கடைசியாக ஒருமுறை புள்ளிகள் திரையில் நடந்தன. மூன்றாம் மாடியில் நின்றன. இடுப்பில் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. பிறகு கறுப்பு மட்டும்.

வீட்டில் வாண்டு கேட்டாள். "கேம் எப்ப சித்தி வருது?"

"அடுத்த மாசம்."

"அம்மா ரெடியா?"

"சாப்பிடு," என்றாள் நடைக்காரி.

காலடிச் சத்தத்தை முதலில் கேட்டவன் ஆந்தை.

ஆண் பாத்திரத்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். படியேறும்போது பின்னால் இன்னொரு சத்தம். திரும்பினான், படிகள், பனி. ஏறினான், சத்தமும் ஏறியது. ஆண் பாத்திரம் ஒவ்வொரு படியாக வைக்கிறான். பின்னால் வந்தது இரண்டிரண்டாக வந்தது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்," என்றான். குரலில் எண்ணெய் வற்றியிருந்தது.

நடைக்காரி ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் ஆண் பாத்திரம் தொடர்ந்து ஏறினான். பின்னால் சத்தம் நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து, மறுபடியும் இரண்டிரண்டாக.

அவள் கிடங்கைத் திறந்து பார்த்தாள். பெண்களுக்கு இரண்டு நடைகள்: மயக்கும் நடை, பயந்து ஓடும் நடை. மூன்றாவது இருந்த இடம் காலி. படிகளின் சத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆணின் செருப்புச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மூன்று நாள் தேடினாள். தேடும்போது தான் வேண்டிக்கொள்வது கிடைக்க வேண்டும் என்றா, கிடைத்துவிடக் கூடாது என்றா என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

ஆந்தை பிழை எண் போட்டான். பிழை பேரவைக்குப் போயிற்று. கிணறு வெட்டியவர்கள் பூதத்தைப் பார்த்தால் என்ன செய்வார்களோ அதைப் பேரவை செய்தது. பூதத்துக்கு ஒரு கோப்பு திறந்தது.

"பேர் தெரியாத ஒரு பொண்ணு," என்றார் தலைவர், "யாரோட அனுமதியும் இல்லாம, பனியில, ஒரு ஆம்பள பின்னால நடக்குறா. நாம ஒருத்திய பீடத்துல ஏத்தி நிறுத்தியிருக்கற நேரத்துல! இது மத்த பொண்ணுங்களுக்கு என்ன முன்மாதிரி?"

"எடுத்துரலாமா சார்?" என்றார் முதலாளி.

"எடுக்கறதா? பெண்ணையா? நாமளா?" தலைவர் அதிர்ந்துபோனார்.

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு கோப்பில் எழுதினார்கள்: 'பெண் என்பதால் நீக்க இயலாது. நடப்பதால் அனுமதிக்கவும் இயலாது.' காலடிச் சத்தத்தின் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று யாரோ சொன்னார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பழைய ஓய்வறையில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு, கேமை ஓடவிட்டு, எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆந்தை ஆண் பாத்திரத்தைப் படியேற்றினான். பின்னால் சத்தம் வந்தது.

"உங்க பேர்?" என்றார் செயலாளர் அம்மாள், திரையைப் பார்த்து.

மூன்றாம் மாடியில் சத்தம் நின்றது.

"எந்தத் துறை? யார் உங்கள நியமிச்சாங்க?"

 பலகைக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் குழாய்.

"ஆஜராகலைன்னு பதிவு பண்ணுங்க," என்றார் தலைவர்.

அவர் சொல்லி முடித்ததும் குழாய் சொட்டுவது நின்றது. எத்தனையோ மாதமாகச் சொட்டிய குழாய். அந்த அமைதி அறையில் இருந்த ஒவ்வொருவரின் கழுத்திலும் ஏறி உட்கார்ந்தது. நடைக்காரி காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிறகு திரையில், இரண்டிரண்டாக, மேலே போகும் சத்தம். குழாய் மறுபடி சொட்டத் தொடங்கியது. செயலாளர் அம்மாள் கைக்குட்டையால் ரசமட்டத்தைத் துடைத்தார். குமிழ் நடுவில் நிற்கவே இல்லை.

விசாரணைக் குறிப்பில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது.

வெளியீட்டு விழாவும் விருது விழாவும் ஒன்றாக வைத்தார்கள். விருதுபெறும் பெண் பாத்திரத்தை ஒரு சிறுமி மேடையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது செயலாளர் அம்மாளின் யோசனை. ஊழியர் குடும்பங்களில் தேடினார்கள். அந்த வயதில் பெண்பிள்ளை நடைக்காரி வீட்டில் மட்டும்தான் இருந்தது.

"வேற யாரையாவது பாருங்க மேடம்," என்றாள் நடைக்காரி.

"ஏம்மா? குழந்தைக்கு ஆர்வம் இல்லையா?"

நடைக்காரி பட்டியலில் வாண்டுவின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

விழாவுக்கு முந்தைய ஆறு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயை வேறு எதற்காவது பயன்படுத்திக்கொண்டாள்: ஷூவுக்கு பாலிஷ் போட்டியா, நகம் வெட்டினியா, பல் விளக்கினியா. ஏழாம் நாள் காலை அரங்கின் பக்கவாட்டு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, வாண்டுவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"வாண்டு... சித்தி ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன?"

"அம்மாவோட நடை..."

"நீதான் சத்தியம் பண்ணியே," என்றாள் வாண்டு. குற்றம் சாட்டவில்லை. ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். அதற்குள் மேடையில் அவளை அழைத்துவிட்டார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர் ஒலிவாங்கியின் முன் நின்றிருந்தார். "இன்று ஒரு சிறுமியின் விரல், ஒரு யுகத்தின் கதவைத் திறக்கப் போகிறது," என்று தொடங்கி, அந்தக் கதவின் தாழ்ப்பாள், கீல், நிலை ஆகியவற்றைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வாண்டு கன்ட்ரோலரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு முடிந்ததும் அழுத்தினாள்.

சுவரளவு திரையில் பீடம் எழுந்தது. பளிங்குப் பெண் தொலைதூரத்தைப் பார்த்தாள். கைதட்டல். வாண்டு முன்னால் தள்ளும் பொத்தானை அழுத்தினாள். 'தங்கள் ஆர்வம் பெறப்பட்டது.' இன்னும் பலமான கைதட்டல். மறுபடி அழுத்தினாள். மறுபடி பெறப்பட்டது.

மேடையோரத்தில் நின்ற நடைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சித்தி, ஏன் தோளு நேரா இருக்கு?"

ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"நிமிர்ந்த தோள்!" என்றார் தலைவர், மகிழ்ந்துபோய். "குழந்தையே கவனிச்சிருச்சு பாருங்க!"

"இது அம்மா இல்ல," என்றாள் வாண்டு.

நடைக்காரி ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று ஓர் அடி வைத்தாள். அதற்குள் வாண்டு பின்னோக்கும் பொத்தானை அழுத்தி, தேர்வுத் திரைக்குப் போய், ஆண் பாத்திரத்தை எடுத்துவிட்டாள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத காரியம். செயலாளர் அம்மாள் நாற்காலியில் நெளிந்தார். இருபது வருஷப் பழக்கம், எழ வரவில்லை.

பனி. கட்டடம். ஆண் பாத்திரம் படியேறினான். பின்னால், இரண்டிரண்டாக, அந்தச் சத்தம்.

வாண்டுவின் விரல் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையிலும் அவனைத் திருப்பவில்லை. ஆந்தையும் மற்றவர்களும் வாரக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்த இடத்தை அவள் பார்க்கவே இல்லை. மெல்ல அவனை ஏற்றினாள். முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் சத்தம் நின்றதும் அவளும் நிறுத்தினாள்.

"பாப்பா, மேல போம்மா," என்றார் தலைவர்.

"இருங்க," என்றாள் வாண்டு. "மூச்சு வாங்குறாங்க."

அரங்கம் காத்திருந்தது. முதலாளி ஜன்னலைத் தேடினார். அரங்கத்தில் ஜன்னல் இல்லை. கூட்டத்தின் நடுவில் ஆந்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த நிற்றல் எத்தனை நீளம் என்று நடைக்காரிக்குத் தெரியும், பதிவுசெய்தபோது எண்ணியிருக்கிறாள். எண்ணினாள். சரியாக அவ்வளவுதான் இருந்தது.

பிறகு வாண்டு ஒரு காரியம் செய்தாள். ஆண் பாத்திரத்தை மாடிப்படியின் திருப்பத்தில் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். குறுகலான படியில் ஒருவர் போக இன்னொருவர் ஒதுங்குவது போல. சத்தம் ஏறிவந்தது. அவனைத் தாண்டியது. தாண்டும்போது பனி ஓர் இடத்தில் சற்று விலகிச் சேர்ந்தது. இடது பக்கம் கொஞ்சம் தாழ்வாக. அவன் முன்னாலேயே மேலே போனது. கடைசி மாடியில் நின்றது.

டக்டக். இடைவெளி. டக்.

"யாரது?" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில், அரங்கத்தின் பெரிய கதவைப் பார்த்து. "விழா நடுவுல யாரு தட்றது? யாராச்சும் போய்க் கதவத் திறங்கப்பா!"

ஊழியர் இருவர் ஓடினார்கள். கதவைத் திறந்தார்கள். நடைவழியில் வெயில் விழுந்து கிடந்தது. "யாரும் இல்லீங்க சார்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்கள். கூட்டம் முழுவதும் பின்பக்கம் கழுத்தைத் திருப்பி, யாருமில்லாத வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடையில் வாண்டு ஆண் பாத்திரத்தைக் கடைசி மாடிக்கு ஏற்றி, மூடிய கதவின் முன் கொண்டுவந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது.

"வா," என்றாள், சிறிய குரலில்.

காலடி உள்ளே போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டுக்குள் வந்தபின் அவசரமில்லாதவள் வைக்கும் அடி. பிறகு, கனமான எதையோ தோளிலிருந்து இறக்கித் தரையில் வைக்கும் சத்தம். அதன் தளர்ந்த கொண்டி ஒருமுறை கிணுங்கியது.

வாண்டு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

நடைக்காரி மேடையோரத்துத் திரைச்சீலையைப் பற்றிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அக்கா பெட்டியை வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்தச் சத்தத்தை அவள் பதிவு செய்ததே இல்லை.